புதுப் பெயிண்ட், பழைய பொய்

ஏலத்தில் ஒருவர் குதிரை விற்கிறார். குதிரைக்கு நோய் இருக்கிறது. விற்பவருக்கு அது தெரியும். வாங்குபவரிடம் வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். அதே சட்டம் இன்னொரு நிலைமையையும் சொல்கிறது. வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பு, “நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லிவிடுகிறார். விற்பவர் அப்போதும் பேசாமல் நிற்கிறார். இந்த முறை அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

1872-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் உதாரணமாக வரும் குதிரை இது. அந்தச் சட்டத்தின் வழியில் வந்த மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும், அதே 17ஆவது பிரிவில், அதே குதிரை இருக்கிறது. ஜொகூரில் பழைய டிராக்டர் வாங்கி ஏமாந்துபோன ஒரு சிறுதோட்டக்காரர் நீதி கேட்கப் புறப்பட்டால், கார் வாங்கியவருக்கும் குளிர்பதனப் பெட்டி வாங்கியவருக்கும் திறக்கிற கதவுகள் அவருக்குத் திறப்பதில்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவர் வந்து சேர்கிற இடம் இந்தக் குதிரைதான்.

சிகாமட்டிலிருந்து லாபிஸ், யோங் பெங், குளுவாங் வழியாகக் கோத்தா திங்கி வரை போனால் சாலையின் இருபுறமும் செம்பனை. பெரிய நிறுவனங்களின் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கையில் வந்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை நிலத்தில் போட்ட தமிழர்கள் அவர்களில் உண்டு. பொந்தியான் பக்கம் போனால் கரிமண்ணில் அன்னாசி. இவர்கள் எவருக்கும் புது டிராக்டர் எளிதில் எட்டாது. பழையதுதான் வாங்க முடியும். அதுவும் அவசரத்தில் வாங்குவார்கள். செம்பனைக் குலையை வெட்டிய பிறகு ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை அறுவடை வந்துகொண்டே இருக்கும். இருந்த வண்டி படுத்துவிட்டால் அடுத்த அறுவடைக்குள் இன்னொன்று வேண்டும். ஏமாற்றுகிறவருக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும்.

பழைய டிராக்டர் சந்தைக்கு வருகிற வழிகள் பல. பெரிய தோட்டங்கள் கழித்துவிடுபவை, குத்தகைக்காரர்கள் தொழிலை மூடும்போது விற்பவை, ஜப்பானிலிருந்து பழைய வண்டியாகவே இறக்குமதியாகி இங்கே பெயிண்ட் அடித்து நிறுத்தப்படும் சிறிய ‘ரீகான்’ டிராக்டர்கள், கைபேசியில் படத்தை மட்டும் காட்டி முன்பணம் கேட்கும் விளம்பரங்கள். நேர்மையாக விற்பவர்கள் இந்த எல்லா வழிகளிலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருடம் ஓடிய வண்டியில் தேய்மானம் இருப்பது ஏமாற்று ஆகாது. தேய்மானத்தை மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

மறைக்கும் கை

காருக்குக் கிலோமீட்டர் என்றால் டிராக்டருக்கு மணி நேரம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைக் கழற்றி வேறு மாட்டுவது பழைய வண்டிகளில் பெரிய வேலை இல்லை. 2,000 மணி நேரம் என்று மீட்டர் காட்டும். கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு பளபளக்கும். டிரெய்லர் மாட்டும் கொக்கியில் துளை வட்டமாக இருந்திருக்க வேண்டும். பல வருடம் சுமை இழுத்து அது முட்டை வடிவமாகியிருக்கும். பின்பக்கத் தூக்குக் கைகளின் பின் தளர்ந்து ஆடும். மீட்டரை மாற்றுகிறவர் இவற்றையெல்லாம் மாற்றுவதில்லை, அதற்குச் செலவாகும். ஆகவே மீட்டரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

வண்டியைப் பார்க்கப் போனவுடன் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த டீசல் இன்ஜின் தன் குறையைக் காட்டுவது காலையில் ஆறிக் கிடக்கும்போதுதான்: ஸ்டார்ட் ஆக மறுக்கும், வெள்ளைப் புகையோ நீலப் புகையோ தள்ளும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று குபுகுபுவென வரும். சூடேறிய பிறகு பாதிக் குறை ஒளிந்துகொள்ளும். “ஆறட்டும், காத்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு விற்பவர் பொறுமை இழந்தால், அதுவும் ஒரு தகவல்தான். தட்டும் சத்தத்தை அமுக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றி வைப்பது இன்னொரு பழைய வழக்கம். அளவுகோலை உருவிப் பார்த்து எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஜொகூரில் தண்ணீருக்குத் தனிக் கவனம் தேவை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் மறுபடி வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், பத்து பகாட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவிக் காயவைத்து விற்றால் முதல் சில வாரம் ஓடத்தான் செய்யும். கியர் எண்ணெயில் கலந்த நீரும், ஸ்டார்ட்டருக்குள் பிடித்த துருவும், வயர்க் கட்டுக்குள் உலர்ந்த சேறும் பிறகுதான் வேலையைக் காட்டும். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவுங்கள். கழுவுகிற குழாய் அங்கே எட்டியிருக்காது. செம்பனைத் தோட்டத்தில் உரம் தூவ ஓடிய டிராக்டரும் இதே வகைதான். பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. வருடக்கணக்கில் அது படிந்த வண்டியில் தகடும் வயரும் உள்ளுக்குள் அரித்திருக்கும். மேலே அடித்த பெயிண்ட் மட்டும் புதிதாக இருக்கும்.

ஹைட்ராலிக் தூக்கியில் ஒரு பாரத்தை மாட்டித் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பாரம் வேகமாக இறங்கினால் பழுதுச் செலவு எவ்வளவு என்று கூட வந்த மெக்கானிக் சொல்வார். மெக்கானிக் இல்லாமல் தனியாகப் போகவே கூடாது.

ஜப்பானிய ‘ரீகான்’ வண்டிகளில் கோளாறு இன்ஜினில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மாடலுக்கு இங்கே உதிரிப் பாகம் கிடைக்காமல் போகலாம். எச்சரிக்கைக் குறிப்புகள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓட்டுபவருக்குப் புரியாது. அமெரிக்காவில் இதே வகைப் பழைய குபோட்டா வண்டிகளின் இறக்குமதி பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. குபோட்டா நிறுவனத்தின் புகாரை விசாரித்த அந்நாட்டுப் பன்னாட்டு வணிக ஆணையம், அவை அமெரிக்காவில் விற்கப்படும் குபோட்டாவிலிருந்து முக்கியமான வகையில் மாறுபட்டவை என்று முடிவுசெய்து அந்த இறக்குமதியைத் தடுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரே பெயர்ப் பலகை இருந்தாலும் வாங்குபவர் எதிர்பார்க்கும் பொருள் அது இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இங்கே அப்படிப்பட்ட ஒரு வண்டியைக் காட்டி “பார்ட்ஸ் எல்லாம் இங்கேயே கிடைக்கும்” என்று விற்பவர் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூடிய கதவு

இத்தனை பார்த்தும் ஏமாந்துவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் வெள்ளி போய்விட்டது. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, “பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்” என்பதுதான். நல்ல இடம்தான் அது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 5 வெள்ளி கட்டணம், ஒரு படிவம், வழக்கறிஞர் கிடையாது. முதல் விசாரணை நாளிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரைதான் கோரலாம். பிறகு 25,000 ஆனது. 2019-இல் 50,000 ஆக உயர்ந்தது. தீர்ப்பாயம் சொன்னதைப் பதினான்கு நாளுக்குள் செய்யாவிட்டால் அது குற்றம்.

முப்பதாயிரம் வெள்ளி அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, யார் பயனீட்டாளர் என்று வரையறுக்கிறது. சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ சாதாரணமாக வாங்கப்படும் வகைப் பொருளை வாங்குபவர்தான் பயனீட்டாளர். டிராக்டர் அந்த வகைப் பொருள் இல்லை என்று எதிர்த் தரப்பு சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கடினம். விற்றவர் வியாபாரி இல்லை, தன் சொந்த வண்டியை விற்ற தனியாள் என்றால் அந்தச் சட்டம் இன்னும் எட்டாது. வாடகைக் கொள்முதல் சட்டமும் கைகொடுக்காது. 1967-இல் வந்த அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கார், மோட்டார் சைக்கிள், பஸ், 2,540 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டி எல்லாம் இருக்கின்றன, டிராக்டர் இல்லை.

இதை ஒரு வழக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று தன் உயர் அதிகாரியின் உபயோகத்துக்கு மெர்சிடிஸ் கார் வாங்கியது. கார் சரியாக ஓடவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படியே அந்த நிறுவனம் வென்றது. தீர்ப்பில் தவறு இல்லை; கார் என்பது சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருள்தான், சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ளக்கூடிய நிறுவனத்துக்கு ஒரு காருக்காகக் கிடைக்கிற பாதுகாப்பு, இபிஎஃப் பணத்தை மொத்தமாகக் கொடுத்த சிறுதோட்டக்காரருக்கு, அவருக்குச் சோறு தரும் டிராக்டருக்காகக் கிடைக்காது. பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரை வெளியே நிறுத்துகிறது இந்த வரையறை.

எஞ்சியிருக்கும் வழி

மிச்சம் இருப்பவை இரண்டு பழைய சட்டங்கள்: 1957ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், முன்பு சொன்ன ஒப்பந்தச் சட்டம். இரண்டுமே இந்தியச் சட்டங்களின் வாரிசுகள்.

சரக்கு விற்பனைச் சட்டம் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது 14ஆவது பிரிவு. திருட்டு டிராக்டரைத் தெரியாமல் வாங்கிவிட்டால் அதை அசல் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆனால் விற்றவரிடம் பணத்தைக் கேட்கலாம். 1923-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், திருட்டுக் கார் ஒன்று சில மாதம் உபயோகத்தில் இருந்த பிறகு போலீஸிடம் பறிபோனபோது, அதைத் தெரியாமல் வாங்கியவருக்கு, உபயோகித்த மாதங்களுக்குக் கழிவில்லாமல் முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. இங்கும் அதே கொள்கைதான். சேஸி எண்ணைத் தகட்டிலும் இரும்பிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், சாலைப் பதிவு உள்ள வண்டியானால் கிராண்டில் (பதிவுச் சான்றில்) இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதும் இதனால்தான்.

தரத்துக்கு வரும்போது சட்டம் கறாராகிறது. 16ஆவது பிரிவின்படி, அந்த வகைப் பொருளை விற்பதே தொழிலாக உள்ளவர் விற்றால்தான் தரம் பற்றிய மறைமுக உறுதி உண்டு. நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த உறுதி கிடையாது. “இருந்த நிலையில் வாங்கிக்கொண்டேன்” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த உறுதியையே கைவிட்டதாக வாதிட இடமுண்டு. 62ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. ரசீது என்ற பெயரில் நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் வருகிற இழப்பு சில நேரம் டிராக்டரின் குறையால் வருவதைவிடப் பெரியது. அது புரியாத மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆக, விற்றவர் என்ன சொன்னார் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஓர் உலை வழக்கு வந்தது. உலோகம் உருக்கும் உலை; குறைந்தது 2,600 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தரும் என்று விற்றவர் உறுதி கொடுத்திருந்தார்; தரவில்லை. அந்த எண் ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை என்று நீதிமன்றம் ஏற்றது. “நல்ல உலை” என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த வழக்கு அவ்வளவு எளிதாக நின்றிருக்காது. “நல்ல வண்டி அண்ணே, நம்பி எடுங்க” என்பது சட்டத்தின் முன் வெறும் காற்று. “இன்ஜின் 2021-இல் பிரித்துக் கட்டியது, மீட்டர் மாற்றவில்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை” என்பது எடை உள்ள சொல்.

அதை வரவழைக்கக் குதிரை வழி காட்டுகிறது. பணம் கொடுக்கும் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: “மீட்டர் மாற்றப்பட்டதா? வண்டி வெள்ளத்தில் நின்றதா? இன்ஜின், கியர் பெட்டி எப்போது பிரிக்கப்பட்டன? இதன் மேல் கடன் உண்டா? நீங்கள் மறுத்துச் சொல்லாதவரை இந்தக் குறைகள் எதுவும் இல்லை என்று நம்பித்தான் பணம் தருகிறேன்.” பதில் வந்தால் அது அவர் வாக்கு. பதில் இல்லையென்றால், 17ஆவது பிரிவின்படி அந்த மௌனத்துக்கும் வாய் முளைக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்பலாம்.

ஆனாலும் நேரடிப் பொய்க்கும் மௌனத்துக்கும் சட்டம் ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. விற்றவர் பேசாமல் ஏமாற்றியிருந்தால், சாதாரண விழிப்போடு பார்த்தால் உண்மை தெரிந்திருக்குமே என்று 19ஆவது பிரிவின் கீழ் அவர் தப்பிக்கப் பார்ப்பார். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அந்த வாதம் அவருக்கு உதவாது. அதனால்தான் கேள்வி கேட்டு நேரடிப் பதில் வாங்குவது முக்கியம். மோசடி நிரூபணமானால் ஒப்பந்தத்தையே ரத்துசெய்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். மோசடி இல்லாத வெறும் தரக் குறைவு என்றால், வண்டி உங்கள் கைக்கு வந்துவிட்ட பிறகு பெரும்பாலும் நஷ்ட ஈடு மட்டுமே.

குறை தெரிந்த அன்றே வண்டியை நிறுத்துங்கள். தொடர்ந்து குலை ஏற்றினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிரிக்கும் முன்பு படம், காணொளி. பிரிக்கும்போது விற்றவருக்கு வந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் அழைப்பு. மெக்கானிக்கின் கையெழுத்திட்ட அறிக்கை. கழற்றிய பாகங்களை வீசாமல் ஒரு சாக்கில் போட்டு வைத்தல். பிறகு இத்தனை நாளுக்குள் பணம் வேண்டும் என்று கோரிக்கைக் கடிதம். அழைத்துத் திட்டுவதாலும், ஆள் கூட்டிக்கொண்டு போவதாலும், முகநூலில் அவர் படத்தைப் போடுவதாலும் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும். ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடக் கெடு. செலவுக்கு வழியில்லாதவர்கள் ஜொகூரில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா? விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு அடையாளம் இருந்தால் கொடுக்க வேண்டும். குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவு, ஏமாற்றிப் பொருள் பறிப்பவருக்கு ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை சிறையும் பிரம்படியும் சொல்கிறது. அடித்து அழித்த சேஸி எண், திருட்டு வண்டி, இல்லாத வண்டிக்கு முன்பணம் எல்லாம் இதில் வரும். முன்பணத்தை இணையத்தில் அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் முதலில் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு நிறுத்த முடிவது அந்தச் சில மணி நேரத்தில்தான். அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு எண்ணைப் போலீஸின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

இவ்வளவும் ஒரு சிறுதோட்டக்காரர் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. இந்தியாவிலும் இதே சிக்கல் இருந்தது. வியாபார நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்றது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். 1993-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தானே உபயோகிக்கும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது. 1995-இல் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரித்துச் சொன்னது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான். 2019-இல் வந்த புதிய சட்டமும் அந்த விளக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தானே உழும் விவசாயி அதற்குள் வருகிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும், பழைய பொருளுக்கும் அது பொருந்தும். டிராக்டர் அங்கேயும் வெளியேதான். ஆனால் குறையை நிரூபிக்கும் சுமையை யார் தோளில் வைப்பது என்பதில் அது ஒரு நல்ல முன்மாதிரி.

மலேசியாவிலும் லெமன் சட்டம் கொண்டுவருவது பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு பேசிவருகிறது. பேச்சு கார்களைச் சுற்றியே நடக்கிறது. அந்தத் திருத்தத்தோடு 3ஆவது பிரிவில் ஒரு வாக்கியம் சேர வேண்டும்: தன் நிலத்தில் தானே உழைத்துப் பிழைக்க ஒருவர் வாங்கும் கருவியும் இயந்திரமும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று. அவ்வளவு சேர்ந்தால், பழைய டிராக்டரை வியாபாரியிடம் வாங்கி ஏமாந்த சிகாமட்காரர் 5 வெள்ளியைக் கட்டி, படிவத்தை நிரப்பி, தன் வழக்கைத் தானே பேசலாம். ஜொகூரிலிருந்து நாடாளுமன்றத்துக்கு 26 பேர் போகிறார்கள். அவர்களில் பலருடைய தொகுதியில் செம்பனை இருக்கிறது. சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வரும் முன்பு, டிராக்டரை ஏன் விட்டீர்கள் என்று அவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய நேரம் இது.